பத்தாம் நிலையில் லியோனல்

1.

இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இலக்கியம் அல்ல. வாட்ஸாப்பில் வந்த ஒரு கேள்விக்கு ஒரு வாரமாகப் பதில் போடாமல் ஒளிந்துகொண்டிருக்கிறேன். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டால் எங்கள் ஆட்கள் தொந்தரவு செய்யமாட்டார்கள்; எழுத்தாளனுக்கு இந்த நாட்டில் கிடைக்கும் ஒரே சலுகை அதுதான்.

கேள்வி இது: துறைமுக ஊரான கிள்ளானில் எங்கள் மாதா கோயில் வளாகத்தில் பெரிய வெள்ளியன்று நடக்கும் திருப்பாடுகள் நாடகத்தில் இந்த வருடம் இயேசுவாக லியோனல் நடிக்கலாமா, கூடாதா? குழுவில் ஏழு பேர். மூன்று பேர் சரி என்றார்கள், மூன்று பேர் கூடாது என்றார்கள். ஏழாவது ஆள் நான். நாடகத்துக்கு வசனம் எழுதுபவனும் நான்தான்.

லியோனலிடம் என்ன குறை என்று கேட்பீர்கள். குறை ஒன்றுமில்லை, கூடுதல்தான்.

(இந்த வாக்கியத்தை எழுதியதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. என் வியாதி அதுதான். நீங்களும் சிரித்தீர்களா என்று தெரிந்துகொள்ள, அடிக்காமல் விட்டுவைக்கிறேன்.)

2.

தொடக்கம், முதல் முயற்சி: "லியோனல் மூச்சு வாங்கியபடி படியேறி வந்தா—"

எந்தப் படி? எங்கள் மண்டபம் தரைத்தளத்தில் இருக்கிறது. குண்டானவன் ஒருவன் கதைக்குள் நுழைந்தால் மூச்சு வாங்கித்தான் நுழையவேண்டும் என்று என் பேனாவுக்கு யார் கற்றுக்கொடுத்தார்களோ.

இரண்டாம் முயற்சி: "அவன் உட்கார்ந்ததும் பிளாஸ்டிக் நாற்காலி முனகியது." அந்த நாற்காலிகள் எல்லோருக்கும்தான் முனகும். நான் ஒல்லி, எனக்கும் முனகும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் முயற்சி: "லியோனலுக்குக் குழந்தை முகம். பொன்னான மனசு." இது எல்லாவற்றையும்விட மோசம். உடம்பு பெருத்தவனைக் கதையில் சேர்க்க இரண்டே வாசல்கள் வைத்திருக்கிறோம்: ஒன்று கோமாளி, இல்லாவிட்டால் தங்கமான பையன். உண்மையில் லியோனல் தங்கமொன்றும் இல்லை. காரோட்டும்போது அவன் வாயில் வரும் வார்த்தைகளை ஃபாதர் கேட்டால் பாவசங்கீர்த்தனத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கவேண்டியிருக்கும். வாங்கிய கைமாற்றை மறந்துவிடுவான். பொறாமை உண்டு. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆபீஸில் சரக்குப் பத்திரம் தயாரிக்கிறான். இவ்வளவு போதும்.*

*எத்தனை கிலோ என்று இந்தக் கதையில் எங்கும் வராது. தேடிக்கொண்டிருந்தீர்கள் என்று தெரியும்.

3.

பதினோரு வருடங்களுக்கு முன்பு நாடகத்தன்று காலையில் ஒலிப்பதிவு கெட்டுப்போனது. எங்கள் நடிகர்கள் பதிவுசெய்த வசனத்துக்கு வாயசைப்பவர்கள். குரல் இல்லாவிட்டால் நாடகம் இல்லை. பாட்டுக்குழுவில் இருந்த லியோனலுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. திரைக்குப் பின்னால் ஒரு மைக்கைப் பிடித்துக்கொண்டு இயேசுவின் வசனம் முழுவதையும் நேரடியாகப் பேசினான். ஜனங்கள் அழுதார்கள். அன்றிலிருந்து ஏற்பாடு நிலைத்துவிட்டது: குரல் லியோனல், உடம்பு ஜெயராஜ்.

ஜெயராஜ் ஜிம்முக்குப் போகிறவன். பெரிய வெள்ளிக்கு முந்தைய நோன்புக்காலமான தவக்காலம் தொடங்குவதற்கு முன்பே புரோட்டீன் பவுடர் டப்பா வாங்கிவிடுவான். நாற்பது நாள் பாலைவனத்தில் பட்டினி கிடந்தவரை, அவித்த முட்டையும் கோழி நெஞ்சுக்கறியும் தின்று வளர்த்த வயிற்றுக்கட்டுகளோடு சிலுவையில் பார்த்துப் பழகிவிட்டோம். அவன் ஆடை களையப்படும்போது இளம்பெண்கள் போனைத் தூக்குகிறார்கள். பக்திதான், வேறென்ன.

தவக்காலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். வெள்ளிக்கிழமை, இயேசுவின் பாடுகளைப் பதினான்கு நிலைகளாக நினைத்து ஜெபிக்கும் சிலுவைப்பாதை முடிந்ததும் எங்கள் கோயிலில் நோன்புக் கஞ்சி உண்டு. கஞ்சி எளிமையானது. அதற்குத் தொட்டுக்கொள்ள நெத்திலிச் சம்பல், உப்பு முட்டை, புளி மீன், கத்தரிக்காய்ப் பிரட்டல், அப்பளம், டொரத்தி ஆன்டியின் இறால் வறுவல். கிளம்பும்போது கையில் கறிபாப் பலகாரப் பொட்டலம். இரவு முழுக்கத் திறந்திருக்கும் கடைகள் நிறைந்த இந்த ஊரில் பட்டினி என்பது பார்க்கிங் கிடைக்காத பத்து நிமிடம்தான். இப்படிப்பட்ட இடத்தில் யார் எவ்வளவு தின்றார்கள் என்று கணக்குக் கேட்கப்படும் ஒரே ஆள் லியோனல்.

டொரத்தி ஆன்டி நல்லவர். குழுவின் உடையலங்காரம் அவர் பொறுப்பு. லியோனல் தட்டில் மட்டும் இரண்டு கரண்டி கூடுதலாக வைப்பார்.

"சாப்பிடு லா, வெக்கப்படாத. நீ சாப்பிடுறதப் பாத்தாலே எனக்கு வயிறு நெறஞ்சிடும்."

அவன் வேண்டாம் என்றால், "என்ன, டயட்டா? ஆன்டி கை சமையல் புடிக்கலையா?" சாப்பிட்டால், அவன் அந்தப் பக்கம் போனதும் என்னிடம், "பாத்தீங்களா? வாயக் கட்டுனாதான ஆகும்?"

4.

இப்போது நான் செய்த காரியம். இதைத் தவிர்த்துவிட்டுக் கதையை நகர்த்த இரண்டு வரைவுகளில் முயன்றேன், நகரவில்லை.

தவக்காலத்தின் முதல் கூட்டத்தில் லியோனல் எழுந்து நின்றான். "இந்த வருஷம் நான் முன்னுக்கு நிக்கலாம்னு இருக்கேன். இயேசுவா," என்றான்.

யாரும் பேசவில்லை. அந்த மௌனத்தை என்னால் தாங்கமுடியவில்லை. நகைச்சுவை உணர்வு உள்ளவன் என்று எனக்கு ஒரு பெயர் வேறு.

"அப்ப சிலுவையத் தூக்கி நிறுத்த போர்ட்லேருந்து கிரேன் வரவழைக்கணும் லா," என்றேன்.

மண்டபம் சிரித்தது. லியோனல் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். இது எழுதப்படாத சட்டம்: தன் உடம்பைப் பற்றிய ஜோக்குக்கு முதலில் சிரிக்கவேண்டியவன் அந்த உடம்புக்காரன்தான். சிரிக்காவிட்டால் "சென்சிடிவ்" என்ற இன்னொரு பட்டமும் சேரும். சிரித்து முடித்தவன் உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தான்.

5.

குழுத் தலைவர் கபிரியேல் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவருக்கும் முன்னால் ஒரு தொந்தி உண்டு. தலைவருக்கு இருந்தால் அது கம்பீரம். தேத்தாரே என்னும் இனிப்புப் பால் தேநீரைக் குடிக்குமுன் சர்க்கரை மாத்திரை இரண்டு போட்டுக்கொள்வார்.

"உன் நல்லதுக்குத்தான் சொல்றோம், லியோனல். ஹெல்த் முக்கியம். சிலுவையத் தூக்குறப்ப ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வா."

பதினோரு வருடங்களில் ஜெயராஜிடம் யாரும் லெட்டர் கேட்டதில்லை. என்னிடமும் கேட்டதில்லை. என் சர்க்கரை பதினொன்று, ஏழைத் தாண்டக்கூடாது. ஆனால் நான் ஒல்லி, ஆகவே ஆரோக்கியமானவன்.

அடுத்த வாரமே லெட்டர் வந்தது. ரத்த அழுத்தம் சரி, சர்க்கரை சரி, இதயம் சரி, தாராளமாக நடிக்கலாம். கபிரியேல் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு தடவை படித்தார். தப்பு ஒன்றும் அகப்படவில்லை.

"டாக்டர் சொல்லலாம். ஜனங்க கண்ணுக்கு எப்படி இருக்கும்?"

ஆரோக்கியம் அந்த இடத்திலேயே இறங்கிக்கொண்டது. அதன்பிறகு கடைசிவரை அதைப் பற்றி யாரும் பேசவில்லை. டொரத்தி ஆன்டி ஒரு சமாதானம் கொண்டுவந்தார்: கழுத்திலிருந்து கால்வரை தளர்வாக ஓர் அங்கி தைத்துத் தருகிறேன், சிலுவையிலும் அதோடேயே தொங்கட்டும், பார்க்க மரியாதையாக இருக்கும். லியோனல் முடியாது என்றான். இழுபறி சில வாரம் ஓடி, கடைசியில் வாட்ஸாப்பில் ஓட்டெடுப்பு.

6.

போன சனிக்கிழமை, நான் இப்போது குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸில், வீட்டுக்குக் கீழே உள்ள கடைக்கு லியோனல் வந்தான். ஒரு தோசையும் சீனியில்லாத தேநீரும் சொன்னான். பக்கத்து மேசைக்காரர் அவன் தட்டைப் பார்த்துவிட்டு, "தம்பி, காலைல வெந்நீர்ல எலுமிச்ச புழிஞ்சி குடிங்க. ஒரே மாசம்," என்றார். அவர் முன்னால் இரண்டு ரொட்டி சானாய், ஆட்டுக்கறி. லியோனல், "தேங்க்ஸ் அங்கிள்," என்றான். ஒரு நாளைக்கு எத்தனை தேங்க்ஸ் சொல்வான் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

"அந்த அங்கியப் போட்டுக்கிட்டா என்னப்பா? விஷயம் முடிஞ்சிடுமே," என்றேன்.

"அங்கிள், பத்தாவது நிலை எழுதுனது நீங்கதான?"

"ஆமா."

"அதுல என்ன நடக்குது?"

"ஆடையக் களையுறாங்க."

"எதுக்குக் களையுறாங்க? எல்லாரும் பாத்துச் சிரிக்கணும்னுதான? ஜெயராஜுக்கு அது என்ன தெரியும் அங்கிள்? சட்டையக் கழட்டுனா அவன படம் புடிக்கிறாங்க." தோசையைப் பிய்த்தபடியே பேசினான். "ஸ்கூல்ல நீச்சல் கிளாஸ்ல ஒரு தடவ கழட்டுனேன். அதுக்கப்புறம் வெளிய எங்கயும் கழட்டுனதில்ல. அந்த நிலைய நடிக்க இந்தக் கோயில்ல என்னவிட்டா ஆள் யாரு இருக்கா?"

பதினோரு வருடமாக அந்தக் காட்சிக்கு வசனம் எழுதுகிறவன் நான்.

"இயேசுவையே அந்தக் காலத்துல சாப்பாட்டு ராமன்னு ஏசுனாங்க அங்கிள், பைபிள்ல இருக்கு. ஒல்லின்னு எங்கயும் போடல." சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "போன மாசம் எனக்கு முப்பத்துமூணு ஆச்சு. அவரு செத்த வயசு. அடுத்த வருஷம்னா நான் அவரைவிடப் பெரியவனாயிடுவேன். பதினோரு வருஷமா திரைக்குப் பின்னால நின்னு சாகுறேன். ஜெயராஜத்தான் எறக்கி மடியில போட்டு அழுறாங்க."

"குழு வேணாம்னு சொல்லிட்டா?"

"வாய்ஸ் குடுப்பேன். நான் இல்லாட்டி நாடகம் நடக்காதே."

குடுக்கமாட்டேன் என்று மிரட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபப்பட்டுக்கொண்டு கூடாது என்று ஓட்டுப் போட்டிருப்பேன். அன்று மேலே ஏறி வந்து படுக்கையில் உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது. வேறு சொல் இல்லை.

7.

எழுத்தாளன் வெட்கப்பட்டால் என்ன செய்வான்? முடிவுகள் தயாரிப்பான்.

(அ) லியோனல் நாற்பது நாளில் பாதியாக இளைத்து வருகிறான். கைதட்டல். கபிரியேல் கண்ணீர் விடுகிறார். இதுதான் நன்றாக விற்கும். திருந்தவேண்டியவன் அவன் ஒருவன் மட்டும், நமக்குச் செலவே இல்லை.

(ஆ) ஒத்திகையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறான். "நான் அப்பவே சொன்னேன்" என்று ஊர் முழுக்கச் சொல்ல ஒரு வாய்ப்பு. முப்பதாம் நாள் பூசைக்கு டொரத்தி ஆன்டி பிரியாணி. அவன் தட்டு இல்லாததால் இரண்டு கரண்டி மீ—

வேண்டாம். இதை எழுதிய கையை என்ன செய்வது?

(இ) மேடையில் அவனைக் கண்டதும் பார்க்க வந்த எண்ணூறு பேரும் மனம் மாறி விம்முகிறார்கள். எழுதிவிடலாம்தான். ஆனால் அந்த எண்ணூறு பேரில் பாதிப்பேரை எனக்குத் தெரியும். அன்று மண்டபத்தில் சிரிப்பை ஆரம்பித்துவைத்தவனை இன்னும் நன்றாகத் தெரியும்.

8.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தேன். "சரி" என்று போட்டேன். எட்டுப் பக்கம் எழுதி ஒரு சொல்லுக்கு வந்து சேர்ந்திருக்கிறேன்.

கபிரியேலிடமிருந்து உடனே பதில்: "ஓகே ரைட்டர். ஜெயராஜுக்குப் படைவீரன் வேஷம் குடுக்குறோம். ஆனா யாராச்சும் சிரிச்சா நீங்கதான் பொறுப்பு."

அந்தப் பொறுப்பை நான் எப்படி ஏற்பது? பெரிய வெள்ளி வர இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. நாடகம் நடக்கவில்லை, ஆகவே முடிவு என்னிடம் இல்லை. என்னால் செய்யமுடிவது, உங்களுக்கு ஓர் இடம் பிடித்துவைப்பதுதான். மூன்றாவது வரிசை, நடைபாதை ஓரம்.

மத்தியானம் மூன்று மணி, கிள்ளான் வெயில். நீங்கள் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். பக்கத்தில் உங்கள் பிள்ளைகள். கூட்டம் கசகசவென்று பேசிக்கொண்டிருக்கிறது. ஒன்பதாம் நிலையில் விழுந்தவன் எழுந்து நிற்கிறான். பத்தாம் நிலைக்கு நான் இந்த வருடம் வசனம் எழுதவில்லை, அவன் கேட்டுக்கொண்டபடி. ஜெயராஜ் பின்னாலிருந்து வந்து அங்கியின் கழுத்தைப் பிடிக்கிறான். பேச்சு நிற்கிறது. எங்கோ ஒரு வரிசையில் யாரோ மூக்கால் ஒரு சத்தம் எழுப்பப் பார்க்கிறார்கள். உங்கள் பிள்ளை, தானும் சிரிக்கலாமா என்று உங்கள் முகத்தைப் பார்க்கிறது.

ஜெயராஜ் இழுத்துவிட்டான். மீதியை நீங்கள் எழுதுங்கள்.