பழையதின் சாவி

"பழசோட சாவியைக் குடுப்பா. நான் ஓட்டணும்."

கேட்டேவிட்டாள் ரொவீனா. அந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், இதை மட்டும் கேட்கக் கூடாது. பதினைந்து வயதில் அவள் கையில் முதல் ஸ்பானரைத் திணித்த அன்றே அப்பா வெர்ன் சொல்லிவைத்தார்: சாவியைக் கேட்காதே, தரவேண்டிய நாள் வந்தால் நானே தருவேன். அவளும் அதை நம்பி இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

கராஜுக்குள் இரண்டு கார்களும் அருகருகே நின்றன. இரண்டுமே சேலஞ்சர் என்ற அமெரிக்க வண்டி, இரண்டுமே கத்தரிப்பூ நிறம். எழுபதாம் வருஷத்தது ஒன்று. இன்னொன்று, கார் ஆலையிலிருந்து ஓய்வுபெற்றபோது வெர்ன் தனக்குத்தானே வாங்கிக்கொண்டது. புதியதில் குளிருக்கு இதமாக இருக்கை சூடாகும், பின்னால் வருவது திரையில் தெரியும், பனியிலும் மழையிலும் கடைக்கும் சர்ச்சுக்கும் அதுதான் போகும். பழையது கோடையில் மட்டும் வெளியே வரும், அதுவும் வெர்ன் கையில்தான். ஆனால் அதன் கார்புரேட்டரைப் பிரித்துப் பூட்டி, காதை வைத்துக் கேட்டே அதன் மூச்சைச் சரிசெய்கிறவள் ரொவீனா. எந்திரவியல் படித்துப் பட்டம் வாங்கியவள், அந்தக் குடும்பத்திலேயே முதல் ஆள். பட்டமளிப்பு விழாவில் வெர்ன் பக்கத்து நாற்காலிக்காரரிடம் பெருமையாகச் சொன்னார், இனி என் எஞ்சினுக்குச் செலவே இல்லை என்று.

வெயில் காயும் அரிசோனாவில் ஒரு வேலை அவளுக்காகக் காத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பா சாவியைக் கொடுத்தால் இங்கேயே இருந்துவிடுவது, கொடுக்காவிட்டால் கிளம்புவது. வரும் வழியில் அப்படித்தான் முடிவு கட்டியிருந்தாள். படித்த பெண் செய்கிற காரியமா இது என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது. நிற்க முடியாமல் இரண்டு வண்டிகளுக்கும் நடுவே போவதும் வருவதுமாக இருந்தாள்.

மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து ஜாம் வைத்த பூன்ச்கி டோனட்டைத் தின்றுகொண்டிருந்த தம்பி ட்ராய் சிரித்தான்.

"எஞ்சினியரம்மா, உன் ஜப்பான் டப்பாவை விட்டுட்டு இதுல ஏறுனா உனக்குத் தலை சுத்தும்."

அவளுடைய கார் தெருவில் நின்றது. வெளிநாட்டு வண்டி வெர்னின் வாசலுக்குள் வரக் கூடாது. கார் ஆலைக்காரர்கள் நிறைந்த அந்த வயண்டாட் ஊரில் பாதி வீடுகளில் இந்தச் சட்டம்தான். பனி கொட்டினாலும் மகள் தெருவில் நிறுத்திவிட்டு நடந்துதான் வருவாள்.

வெர்ன் கோபப்படவில்லை. பொறுமையாகவே காரணம் சொன்னார். இது மார்ச், ரோடெல்லாம் பனி உருகத் தூவிய உப்பு. ஏப்ரலில் நல்ல மழை இரண்டு பெய்து ரோட்டைக் கழுவட்டும், அதுவரை பழையதின் சக்கரம் வாசலைத் தாண்டாது. உனக்குத் தெரியாததா?

தெரியும். உப்பு பட்டால் அந்தக் காலத்துத் தகடு எப்படி அரித்துப்போகும் என்று அவளுக்குத் தெரியாதா? நியாயம்தான். கோபம் பாதி இறங்கிவிட்டது. போகிற போக்கில் ஒரு பார்வை பார்க்கலாமே என்று பின்சக்கரத்துப் பக்கம் குனிந்தாள்.

சக்கரத்துக்கு மேலே உள்வளைவில் வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் சுரண்டி நாக்கில் வைத்தாள். கரித்தது.

"யாரு எடுத்தது?"

ட்ராய் விரலை நக்கிக்கொண்டே, பீர் வாங்கத்தான், இந்த முனை வரைக்கும்தான், புதியதில் அப்பா சர்ச்சுக்குப் போயிருந்தார் என்றான்.

ரொவீனா அப்பாவைப் பார்த்தாள். அவர் முகத்தில் அதிர்ச்சி இல்லை. அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"அவன் கேக்கலையே," என்றார் வெர்ன். "எடுத்துட்டான். ஆம்பளப் பையன், என்ன செய்யச் சொல்ற?"

"கேக்கக் கூடாதுன்னு சொன்னே. கேக்காம எடுக்கலாம்னு என்கிட்ட ஏன்ப்பா சொல்லல?"

வெர்ன் கழுத்தைத் தடவிக்கொண்டார். பிறகு போய், ரேடியோவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துவந்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"இந்தா. போ, ஓட்டு."

மேலே சுருளும் கராஜ் கதவு பாதி உயர்ந்திருந்தது. உப்புத் தூவும் மாநகராட்சி லாரி அப்போதுதான் போயிருந்தது. தெரு முழுக்கப் புது உப்பு, பரல் பரலாக. இந்த ரோட்டில் அவள் இந்த வண்டியை இறக்கமாட்டாள், அது அவருக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருஷத்தில் அவர் சாவி கொடுக்கத் தேர்ந்தெடுத்த நாள் இது.

சாவி அவள் நினைத்ததைவிடக் கனம் குறைவாக இருந்தது.

அவள் நகராததைப் பார்த்து வெர்னுக்கு மூச்சு வந்தது. குரலும் பழையபடி ஆனது.

"வாளி அங்கதான் இருக்கு. வெந்நீர் பிடிச்சு அடிப்பக்கம் கொஞ்சம் கழுவி விட்டுரு, கண்ணு. நேத்தே சொல்லணும்னு நெனச்சேன்."

நேற்றே. அவள் அந்த வாளியைப் பார்த்தாள். வேறொரு நாளாக இருந்தால் இதற்குள் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வண்டிக்கு அடியில் மல்லாந்திருப்பாள்.

சாவியைப் பழையதின் பானெட்டில் வைத்தாள். கோட்டுப் பட்டன்களைக் கழுத்துவரை போட்டாள்.

"எங்க போற? உப்பு தகட்டைத் தின்னுருமே," என்றார் வெர்ன்.

"வாளி அங்கதான் இருக்கு," என்றாள் ட்ராயைப் பார்த்து.

கதவுக்கு அடியில் குனிந்து வெளியே வந்து, காலடியில் உப்பு நொறுங்க, தெருவில் நின்ற தன் காரை நோக்கி நடந்தாள். அரிசோனாவுக்குப் பதில் சொல்லத் திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டியதில்லை.