தனலெட்சுமியின் தோள்வலி

தர்மராஜ் நாற்காலியில் ஏறி நின்று அலமாரியின் மேல் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். கிழிந்த சூட்கேஸ், தீபாவளி விளக்குச் சரம், மூன்று வருஷத்துப் பழைய காலண்டர்கள் என்று ஒவ்வொன்றாகக் கீழே வந்தன. மகேந்திரன் அவற்றை வாங்கித் தரையில் வைத்தார். தர்மராஜ் தேடுகிற பொருள் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிறது என்று மகேந்திரனுக்குத் தெரியும். சொல்லவில்லை.

“அக்கா அந்த வில்ல எங்கதான் வச்சிச்சி மச்சான்?”

“தெரியலயே தர்மா.”

அந்த அக்கா வெளியே பந்தலுக்குக் கீழே சவப்பெட்டிக்குள் கிடந்தாள். தனலெட்சுமிக்கு ஐம்பத்தேழு வயது. வயிற்றில் வந்த புற்று ஐந்து மாதத்தில் ஆளை முடித்துவிட்டது. நேற்று மாலை சிரம்பான் மருத்துவமனையில் மூச்சு நின்றபோது மகேந்திரன் பக்கத்தில்தான் இருந்தார். அதற்கு முன்பு நான்கு இரவுகள் பிளாஸ்டிக் நாற்காலியில் கழிந்திருந்தன. இப்போது அவருக்கு அழுகையைவிட அசதிதான் அதிகமாக இருந்தது. எங்காவது ஒரு மூலையில் பாய் போட்டுப் படுத்தால் போதும் என்றிருந்தது. பெண்டாட்டி செத்த வீட்டில் இப்படி நினைப்பதற்கு அவருக்கே வெட்கமாக இருந்தது.

செத்தவர் ஆசையாக வைத்திருந்ததைப் பெட்டிக்குள் வைத்து அனுப்புவது இந்தச் செம்பனைத் தோட்டத்தில் வழக்கம். வெற்றிலைப் பெட்டி போயிருக்கிறது, சீட்டுக்கட்டு போயிருக்கிறது. போன வருஷம் பக்கத்து லைன் வீட்டில் ஒரு மனிதரோடு டிவி ரிமோட் போய்விட்டது. மறுநாள்தான் வீட்டுக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். தனலெட்சுமிக்கு என்ன வைப்பது என்று யாரும் யோசிக்கவே இல்லை. பிறந்த வீட்டுக் கோடிச்சேலையை அக்காள் மேல் போர்த்திய கையோடு தர்மராஜ் வில்லைத் தேடிக் கிளம்பிவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் தனலெட்சுமி மாநிலத்துக்காக அம்பு விட்டவள். கல்யாணம் ஆனதும் அந்தப் பேச்சே இல்லை. முப்பது வருஷம் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் மீ கோரெங் நூடுல்ஸ் கிளறினாள். ஐம்பத்தைந்து வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகாவ் பாடாங் திடலில் மலாய்க்காரர்கள் சிலர் மர வில்லில் அம்பு விடுவதைப் பார்த்துவிட்டு, மோட்டார் சைக்கிளை நிறுத்தி இறங்கிப் போய்ப் பேசினாள். வீட்டுக்கு வந்து, “நானே ஒண்ணு செய்யப்போறேன்” என்றாள். மகேந்திரன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

கோலா கிளாவாங்கில் தன் நிலத்துக்குப் பின்னாலிருந்து நிபோங் பனைமரம் வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தவர் தர்மராஜ். அதைக் காயவைத்து, பாராங்கத்தியால் செதுக்கி, உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டிச் சுரண்டி வில்லாக்க அவளுக்கு எட்டு மாதம் பிடித்தது. சாயங்காலங்களில் கொல்லைச் சுவரில் இரண்டு ஆணிகள் மேல் அதைப் படுக்க வைப்பாள். மகேந்திரன் கயிற்றைக் கீழே இழுக்க வேண்டும். அவள் பத்தடி தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வில்லின் இரண்டு கையும் ஒரே மாதிரி வளைகிறதா என்று பார்ப்பாள்.

“இடது பக்கம் முரண்டு பண்ணுது. விடுங்க.”

சுரண்டுவாள். “இப்ப இழுங்க” என்பாள். லாரி ஓட்டிவிட்டு வந்த உடம்புக்கு அது தேவையில்லாத வேலைதான். ஆனாலும் இந்த வீட்டில் அவள் சொல்ல, அவர் மறுபேச்சில்லாமல் செய்த வேலை அது ஒன்றுதான். அந்த எட்டு மாதம் மகேந்திரன் சந்தோஷமாக இருந்தார்.

ஒரே ஒரு விஷயத்தைத்தான் அவள் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள். “விட்டு முடிச்சதும் கயித்தக் கழட்டிடணும். மாட்டியே வச்சிருந்தா மரம் அசந்துரும்.”

“இங்க இருக்கு மாமா.” ஷாமினி கட்டிலுக்குப் பின்னால் குனிந்து, கைலியில் சுற்றிய நீளமான பொருளை வெளியே இழுத்தாள். அவள் ஒரே மகள். சிரம்பானில் வேலை. “அப்பா, நீங்கதானே தினம் இந்தக் கட்டில்ல படுக்குறீங்க?”

மகேந்திரன் தரையில் கிடந்த காலண்டர்களை அடுக்கினார். தர்மராஜ் அதை வாங்கிக்கொண்டு பந்தலுக்கு விரைந்தார்.

பெட்டி வண்டிக்காரர் புனிதன் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். இரண்டு மணிக்கு மின்சுடலையில் நேரம் கொடுத்திருக்கிறார்கள். வாய்க்கரிசி முடிந்துவிட்டது. புருஷன் கடைசியாகக் குங்குமம் வைக்க வேண்டியதுதான் பாக்கி.

தர்மராஜ் கைலியை உருவினார். வில் கருகருவென்று மினுங்கியது. நடுவில் தோல் கைப்பிடி. அதற்குக் கொஞ்சம் மேலே ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்பு நூல் நெருக்கமாகச் சுற்றியிருந்தது.

“பாத்தீங்களா? எங்கக்கா கையாலயே செஞ்சது. நூலு எப்பிடிச் சுத்தியிருக்கு பாருங்க, என்னா அழகு!” தர்மராஜ் வில்லை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்தினார். “அம்பு விடுற போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது தோளு வலின்னு உக்காந்துருச்சி. அந்தத் தோளு மட்டும் நல்லாருந்திருந்தா…”

பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். மகேந்திரன் அந்தச் சிவப்பு நூலையே பார்த்தார்.

அன்றைக்குப் போட்டிக்கு எட்டு நாள் இருந்தது. கைப்பிடிக்குத் தோல் வைத்துவரச் சொல்லி அவள்தான் வில்லை அவரிடம் கொடுத்து அனுப்பினாள். காலையிலேயே பகாவில் செருப்புத் தைக்கிறவரிடம் அந்த வேலை முடிந்தது. பிறகு செம்பனைக் குலையை ஏற்றிக்கொண்டு எண்ணெய் ஆலை வாசலில் வரிசையில் நின்றார். முன்னால் இருபது லாரி. மற்ற டிரைவர்கள், “என்னாண்ணே அது?” என்று சூழ்ந்துகொண்டார்கள். என் பெண்டாட்டி செய்தது என்று சொல்ல அவருக்கு எவ்வளவு பெருமை! தொடையில் கொடுத்து வளைத்து, கயிற்றை மாட்டிக் காட்டினார். அப்போது வரிசை நகர்ந்தது. வில்லை அப்படியே சீட்டுக்குப் பின்னால் செருகிவிட்டு லாரியை எடுத்தார். ஐந்து மணி நேரம். வெயில் கண்ணாடி வழியாக நேராக அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. எடை போட்டு வெளியே வந்தபோதுதான் ஞாபகம் வந்தது. கயிற்றைக் கழற்றினார். வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் விடியற்காலை அவள் கொல்லையில் நின்று இழுத்தாள். பட்டென்று ஒரு சத்தம். அவர் ஓடிப்போய்ப் பார்த்தார். கைப்பிடிக்கு மேலே மரம் பிளந்திருந்தது.

“நேத்து கயித்த மாட்டினீங்களா?”

“இல்ல” என்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். “சரி” என்றாள்.

அன்று இரவு தர்மராஜுக்கு அவள் போன் பேசியது சமையலறையிலிருந்து கேட்டது. “தோள்ல வலிடா. கையத் தூக்க முடியல. போட்டிக்கெல்லாம் வரல.” பிறகு ஷாமினிக்கும் அதையே சொன்னாள். கேட்டவர்களுக்கெல்லாம் அதேதான். இன்னொரு மரம் கொண்டுவரச் சொல்லட்டுமா என்று அவர் கேட்க நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டார். கேட்டால் முந்தின பொய்யையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குள் வயிற்றுவலி வந்துவிட்டது.

தர்மராஜ் பெட்டியின் மேல் குனிந்தார். வில்லை அக்காளின் வலது பக்கம் சேலையோடு சேர்த்து வைக்கப் பார்த்தார். வைத்து மூடிவிட்டால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் சாம்பல். யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. மகேந்திரனுக்குக் கால் வலித்தது. உட்கார்ந்துவிடலாம் என்று பார்த்தார்.

“வைக்காத தர்மா.”

“ஏன் மச்சான்?”

“அது ஒடிஞ்ச வில்லு.”

“ஒடிஞ்சதா? எங்க?”

“அந்த நூலுக்குக் கீழ. அழகுக்குச் சுத்தல. வெடிச்சத மறைக்கச் சுத்தியிருக்கா.” அவர் மூச்சு வாங்கினார். “நான்தான் ஒடிச்சேன். ஃபேக்டரி லைன்ல கயித்த மாட்டி வெயில்ல போட்டுட்டேன். அவ கேட்டா. இல்லன்னு சொல்லிட்டேன்.”

தேவாரம் படித்துக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார். புனிதன் கடிகாரத்தை விட்டுவிட்டு வேறெங்கோ பார்த்தார்.

“அப்ப தோளு வலின்னு சொன்னது?” என்றார் தர்மராஜ்.

“அவளுக்கு ஒரு வலியும் இல்ல. நான் சொன்ன பொய்க்கு அவ ஒண்ணு சொல்லிக்கிட்டா.”

தர்மராஜ் வில்லைப் பாயில் போட்டார். “ஒரு போன் போட்டிருந்தா மறுநாளே இன்னொரு மரத்தோட வந்திருப்பேன் மச்சான். மறுநாளே!” பந்தலை விட்டுப் போய்ச் சாக்கடை ஓரமாக முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“அப்பா.” ஷாமினியின் குரல் மெதுவாக வந்தது. “ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து அம்மா தோள்ல எண்ண தேச்சி விட்டேனே. மூணு மாசம். அப்பகூட நீங்க அங்கதான இருந்தீங்க?”

“இருந்தேன்.”

“அம்மா, ‘நல்லாருக்குடி, இன்னும் கொஞ்சம் அழுத்து’ன்னுச்சி.”

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அது உடைந்து அழுகையாகிவிட்டது. மகேந்திரன் மகளைத் தொடப் போனார். அவள் நகர்ந்துகொண்டாள்.

“ஐயா, நேரமாவுது லா,” என்றார் புனிதன் தயங்கியபடி. “வில்ல வைக்கிறதா, வேணாமா?”

“வேணாம்” என்றார் மகேந்திரன். “ஒடிஞ்சதத் தூக்கிக்கிட்டு அவ எங்கயும் போக மாட்டா.”

குங்குமத் தட்டு பெட்டியின் தலைமாட்டில் இருந்தது. வழக்கப்படி மகள்தான் அதை நீட்ட வேண்டும். ஷாமினி எடுக்கவில்லை. மகேந்திரன் காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை எடுத்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள்.

அவர் விரலில் குங்குமத்தைத் தொட்டு, குனிந்து, அந்த நெற்றியில் வைத்தார். நெற்றி சில்லென்றிருந்தது. நான்கு நாள் தூக்கமில்லாத கை ஆடியது. குங்குமம் நடுவில் உட்காராமல் இடது புருவத்தின் மேல் இழுபட்டுக் கோணலாகிவிட்டது.

யாரோ பின்னாலிருந்து, “பரவால்ல, மூடுங்க” என்றார்கள். புனிதன் மூடியைத் தூக்கினார்.

“இருங்கண்ணே” என்றாள் ஷாமினி. துப்பட்டா நுனியால் அம்மாவின் நெற்றியைப் பதமாகத் துடைத்தாள். பிறகு தட்டை மறுபடியும் அப்பாவிடம் நீட்டினாள். அவருடைய கை ஆடாமலிருக்க, மற்றொரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.