நிதிக்காரர் வந்த நாள்

ஜெர்மனியில், எசன் நகரின் வடக்கே, நிலக்கரிச் சுரங்கங்கள் மூடியபின் தலைதூக்காமல் கிடந்த பகுதி அது. பின்தங்கிய வட்டாரங்களைக் கைதூக்கிவிட ஐரோப்பிய ஒன்றியம் கொடுக்கும் பணத்தில் அங்கே ஓர் அயலவர் மையம் நடந்தது. பக்கவாதத்தில் பேச்சிழந்த தன் கணவர் யோசப்பை மக்டலீன் செவ்வாய்தோறும் அங்கே கூட்டிப்போவாள். அவருக்கு ஜெர்மன் அடியோடு மறந்துவிட்டது. தமிழில் பேசிப் பழக்கும் குழு வேறெங்கும் இல்லை.

பணத்தைத் தொடர்வதா என்று பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்றதும், மையத்தை நடத்தும் பிருந்தன் படித்துப் படித்துச் சொன்னான்.

"அக்கா, கூரை ஒழுகிறதைக் காட்டுங்கோ. அண்ணை கதைக்கக் கஷ்டப்படுறதையும் சொல்லுங்கோ. ஒண்டையும் மறைக்க வேண்டாம்."

"ஓம் தம்பி."

சொன்னாளே தவிர, தேடி வருகிறவர்களுக்கு ஒழுகும் கூரையைக் காட்ட எந்த மன்னார்க்காரிக்கு மனம் வரும்? வாளிகளை ஒளித்தாள். ஈரச் சுவருக்கு வெள்ளையடிப்பித்தாள். மற்றப் பெண்களையும் பட்டுடுத்தி நகை போட்டு வரச் சொன்னாள். ரோல்ஸ், வடை, கோழிக்கறி என்று மேசை நிறைந்தது. யோசப்பைச் சவரம் செய்து, யாரும் பேச்சுக்கொடுக்காத மூலையில் இருத்தினாள்.

வந்த அம்மையார் நல்ல மனுசி. இரண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இங்கே என்ன குறை இருக்கிறது என்று மக்டலீனிடம் கேட்டார்.

விருந்தாளி கேட்டால் நம்மவர் சொல்லும் பதில் ஒன்றுதானே. ஒரு குறையுமில்லை என்று சிரித்தபடி ஜெர்மனில் சொன்னாள். பிருந்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

இந்த இடம் முன்னேறிவிட்டது, பணம் இன்னும் நலிந்த ஓரிடத்துக்குப் போகிறது என்று முடிவு வந்தது. அநியாயம் என்று கத்தவும் வழியில்லை. அந்த இடத்திலும் யாரோ ஒரு யோசப் இருப்பார்.

"எல்லா இடத்திலையும் குறைக்கிறாங்கள் அக்கா. உங்களாலை இல்லை," என்றான் பிருந்தன். அவன் ஏசியிருந்தால் அவளுக்குத் தாங்கியிருக்கும். குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதாள்.

மையம் பூட்டிய பிறகும் யோசப் செவ்வாய்க்கிழமைகளில் தானே கோட்டை மாட்டிக்கொண்டு கதவடியில் நின்றார்.

"போவம்," என்றார். பயிற்சியில் கடைசியாகத் திரும்பி வந்த சொல் அது.

"இண்டைக்கு இல்லையப்பா," என்றாள் அவள். அடுத்த கிழமையும் அதையே சொன்னாள். அதற்கடுத்த கிழமையும்.

குளிர் முடிவதற்குள் ஒருநாள் அவர் கதவடியில் நின்று வாயைத் திறந்தார். அவள் காத்து நின்றாள். ஒன்றும் வரவில்லை.

"போவம்," என்று அவளே சொல்லிக் கொடுத்தாள். அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.