கேத்திலின் ஆவி நின்ற நாலு மாதங்கள்

மார்ச் பதினோராம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு, வெக்ஸ்போர்ட்டில் உள்ள ஒரு கட்டடத்தின் ஒன்பதாம் மாடிச் சமையலறையில், கேத்திலிலிருந்து கிளம்பிய ஆவி கூரைக்குப் போகிற வழியில் நின்றது. அதற்குப் பிறகு நாலு மாதம் அது அசையவில்லை. அந்த ஆவிக்குப் பக்கத்தில், அடுப்புக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் நடுவே, கோப்பையைக் கையில் பிடித்தபடி வாகீசனும் சிரித்த சிரிப்போடு அப்படியே நின்றான். அதே வாகீசன் அதே நேரத்தில் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சப்பாத்தை மாட்டிக்கொண்டு வேலைக்கும் போனான். அவனுக்கு லிப்ற் திருத்துகிற வேலை. அன்றைக்குச் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளில் இரண்டு லிப்ற் பழுது.

காரணம் அவனுடைய மனைவி ஷரோன்தான். ஓடிக்கொண்டிருக்கிற மென்பொருள் எந்தக் கணத்தில் எதைச் செய்தது என்று தடம் பிடிக்கும் கருவி ஒன்றை அவளுடைய கம்பெனி விற்றது. தடம் மட்டும் போதாது, ஒரு கணத்தின் முழு நிலையையும் படம்போலப் பிடித்துவைக்கிற ஸ்னாப்ஷொட் வசதியும் வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்டார்கள். அந்த வேலை ஷரோனிடம் வந்தது. அவளுக்குப் பொறுமை கிடையாது. தேத்தண்ணியை நின்றபடிதான் குடிப்பாள், பூசையில் பிரசங்கம் நடக்கும்போது காலாட்டுவாள், லிப்ற் வரும்வரைக்கும் பொத்தானை நாலு தரம் அமத்துவாள். எல்லாவற்றையும் முழுதாகக் கொப்பி பண்ண வேண்டுமென்றால் ஓடுகிற மென்பொருளை அரை செக்கன் நிறுத்த வேண்டும். அந்த அரை செக்கனை அவளால் தாங்க முடியவில்லை. குறுக்கு வழி ஒன்று கண்டுபிடித்தாள். சின்னச் சாமான்களை முழுதாக எழுதிவைத்தாள். பெரிய சாமான்களுக்கு, அவை எங்கே இருக்கின்றன என்ற விலாசத்தை மட்டும் எழுதிவைத்தாள். எதுவும் நிற்கவில்லை, எல்லாம் வேகமாக நடந்தது. சமையலறை மேசையில் முதல் சோதனைக்காக அவள் விசையை அமத்திய நேரத்தில், வாகீசன் தன் தாய் சந்திரவதனா அனுப்பிய குரல்செய்தியைக் கேட்டுச் சிரிக்கத் தொடங்கியிருந்தான். "நாப்பது நிமிசம் லிப்ற்றுக்கை நிண்டனான் தம்பி. என்ரை மகன்தான் இதைத் திருத்துறவன் எண்டு எல்லாருக்கும் சொன்னனான். அதுக்குப் பிறகு ஒருத்தரும் என்னோடை கதைக்கேல்லை." ஸ்னாப்ஷொட்டில் அந்தச் சிரிப்பும் கேத்திலின் ஆவியும் சேர்ந்து அகப்பட்டுக்கொண்டன.

வீட்டில் இருந்தவர்கள் அந்த மூன்றடி இடத்தைச் சுற்றி நடக்கப் பழகினார்கள். கேத்தில் அடுப்புக்கு மற்றப் பக்கம் மாறியது. கட்டடப் பொறுப்பாளர் யேசுரட்ணம் வந்து பார்த்தார். புகை அறிவிப்புக் கருவிக்கும் ஆவிக்கும் இடையே ஒரு முழம் இருக்கிறது, சட்டப்படி பிழையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை வந்த சந்திரவதனா, அசையாத மகனை இரண்டு பக்கமும் நின்று பார்த்தாள். "உவன் இப்பிடிச் சிரிச்சு எத்தினை வருசம், பிள்ளை. தூசி படாமல் பாத்துக்கொள்ளும்" என்றாள். பிறகு கொண்டுவந்த கத்தரிக்காய்க் குழம்பைச் சூடாக்கினாள்.

ஏப்ரலில் கல்கரியிலிருந்து வாகீசனுக்கு ஒரு வேலை வந்தது. புதிதாக எழும்புகிற கோபுரங்களில் லிப்ற் பூட்டுகிறவர்களுக்கு மேற்பார்வையாளர். அவன் இரண்டு கிழமை அதை மனதில் வைத்துக்கொண்டு திரிந்தான். பிறகு ஒருநாள் காலை மேசைக்கு எதிரே வந்து இருந்தான்.

"நான் போகட்டோ?"

"உங்கடை விருப்பம்" என்றாள் ஷரோன். கண் திரையில் இருந்தது.

"ரெண்டு வருசமா உம்மடை முகத்தை நான் வடிவாக் காணேல்லை. லப்டொப்பின்ரை மூடியைத்தான் காணுறன்."

"நான் ஒண்டும் உங்களைப் பிடிச்சு வைக்கேல்லை. போறதெண்டால் போங்கோ. இவர் இஞ்சை நிப்பார்தானே" என்று அடுப்படியைக் காட்டினாள். அவன் அடுப்படியில் நின்ற தன்னைப் பார்த்தான். எழும்பிப் போனான். போகாதேங்கோ என்ற சொல் அவள் வாய்வரைக்கும் வந்து திரும்பிப் போனது. மே இரண்டாம் திகதி அவன் இரண்டு பெட்டியும் லிப்ற் திருத்துகிற ஆயுதப் பையும் எடுத்துக்கொண்டு விமானம் ஏறினான்.

முதல் இரண்டு கிழமை அவள் சமாளித்தாள். சிரிக்கிற வாகீசனுக்கு எதிரே கதிரையைப் போட்டு வேலை செய்தாள். மூன்றாம் கிழமை அவனுடைய இடது புறங்கையில் ஒரு சூட்டுக் காயத்தைக் கண்டாள். மார்ச்சில் அது இல்லை. பிறகு காதோரம் நரை கூடியது. நாடியில் தாடி வளர்ந்தது, ஒருநாள் மழிக்கப்பட்டது. சிரிப்புக் கொஞ்சம் கொஞ்சமாக வற்றிப்போய், ஜூன் முதல் கிழமையில் வாய் மூடிவிட்டது. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சமையலறைக்கும் பல்கனிக்கும் இடையே நாளெல்லாம் நடந்தாள். நெற்றியில் வேர்வை கண்டால் துடைத்துவிட்டாள். காயத்தில் களிம்பு பூசினாள். காயம் இரண்டு நாளில் ஆறியது.

ஜூலை தொடக்கத்தில் வாடிக்கையாளர் ஒருவர் முறைப்பாடு செய்தார். திங்கட்கிழமை எடுத்த ஸ்னாப்ஷொட்டில் புதன்கிழமைக் கணக்குக் காட்டுகிறதாம். கம்பெனியில் அவளுக்கு மூத்தவரான ஜூலியஸ், மன்னார் ஆள், பார்க்டேலில் இருந்து வேலை செய்கிறவர், அவள் எழுதியதை ஒரு காலை முழுக்க வாசித்துவிட்டு அழைப்பெடுத்தார்.

"தங்கச்சி, நீர் சாமானைக் கொப்பி பண்ணேல்லை. அதின்ரை விலாசத்தை எழுதி வைச்சிருக்கிறீர். அங்கை சாமான் மாறினால் இஞ்சை படமும் மாறும். இஞ்சை கை வைச்சால் அங்கையும் படும்."

"அங்கையும் படுமோ, அண்ணை?"

"படாமல்? ரெண்டும் ஒண்டுதானே. பழைய ஸ்னாப்ஷொட் எல்லாத்தையும் செவ்வாய்க்கிழமைக்குள்ளை முழுக் கொப்பியா மாத்திவிடும். ஒரு அரை செக்கன் நிண்டால் நிக்கட்டும். உலகம் அழியாது."

அவள் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு வந்தாள். செவ்வாய்க்கிழமை காலை பட்டியலில் ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. மார்ச் பதினொன்று, எட்டுப் பத்து. விசையை அமத்தினால் அடுப்படியில் நிற்கிறவன் முழுக் கொப்பியாகிவிடுவான். இனி மாற மாட்டான், நரைக்க மாட்டான், எங்கேயும் போகவும் மாட்டான். அவளுக்கென்றே நிற்பான். கல்கரியில் இருக்கிறவன் தன்பாட்டில் இருப்பான், அவனுக்கும் இவனுக்கும் இனி ஒரு தொடர்பும் இராது. அவள் விரலை விசையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள். கால் ஆடவில்லை. பிறகு லப்டொப்பை மூடிவிட்டு எழும்பிப் போய், அவனுடைய காதருகே நின்றாள்.

"நான் அண்டைக்குச் சொல்லேல்லை. இப்ப சொல்லுறன். வாங்கோ" என்றாள்.

அவன் அசையவில்லை. ஜூலியஸ் பட்டியலைப் பற்றிக் கேட்டபோது, ஒன்று மிச்சமிருக்கிறது, அது வீட்டு விசயம் என்றாள். அவர் மேலே கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. வாகீசன் ஆயுதப் பையோடு நின்றான்.

"லிப்ற் வேலை செய்யேல்லை. ஒம்பது மாடியும் ஏறி வந்தனான்" என்றான்.

"எங்கடை கட்டடத்திலை திருத்த ஆர் இருக்கினம்?" என்றாள் அவள்.

"அது கிடக்கட்டும். ஜூன் முழுக்க ஏன் என்ரை நெத்தியைத் துடைச்சனீர்? மீற்றிங்கிலை இருக்கேக்கை தலைமயிர் தன்பாட்டிலை ஒதுங்குது. எல்லாரும் பாக்கினம்."

"வேர்த்திருந்தது."

"செவ்வாய்க்கிழமை காதுக்கை கூப்பிட்டனீர்."

"ஓம்."

அவன் பையை வைத்துவிட்டுச் சமையலறைக்குள் வந்தான். தேத்தண்ணி போடுவதற்குக் கேத்திலைத் தேடினான். அது மாறியிருப்பதை மறந்து, பழக்கதோசத்தில் அடுப்புக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் நடுவே கால் வைத்தான். அங்கே ஏற்கனவே நின்றவனுக்கும் அவனுக்கும் ஒரே விலாசம் என்பதால் இடம் போதாமல் போகவில்லை. ஒருத்தன்தான் மிஞ்சினான், கையில் கோப்பையோடு. அவன் கோப்பைக்குள் பார்த்து, மார்ச் மாதத் தேத்தண்ணி இன்னும் சூடாக இருக்கிறது என்றான். ஷரோன் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். கோப்பையை வாங்கி, கதிரையில் இருந்தபடியே பாதியைக் குடித்து, மிச்சத்தை அவனிடம் கொடுத்தாள்.

நாலு மாதம் காத்திருந்த ஆவி எட்டு மணி பத்து நிமிடத்துக்குக் கூரையைத் தொட்டது. புகை அறிவிப்புக் கருவி அலறியது. யேசுரட்ணம் ஒன்பது மாடியும் ஏறி வந்து, அதை நிறுத்தி, பதிவுக் கொப்பியை எடுத்துக் காரணம் என்ற இடத்தில் தேத்தண்ணி என்று எழுதினார். போகிற போக்கில், லிப்ற்றை ஒருக்கால் பார்க்க முடியுமா என்று வாகீசனிடம் கேட்டார்.