இடப்பக்கம் தேய்ந்த டிப்

கியூக் குச்சியின் முனையில் ஒட்டும் தோல்தான் டிப். அதை மாற்ற வருகிறவர்களில் பாதிப் பேருக்கு டிப்பில் ஒரு கோளாறும் இருக்காது. தோற்றுவிட்டு வருவார்கள். எதிராளியைக் குறை சொன்னால் சண்டை வரும், பந்தைக் குறை சொன்னால் சிரிப்பார்கள், கியூவைக் குறை சொன்னால் மட்டும் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அப்படி வருகிறவர்களிடம் நான் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவேன்: "டிப் நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் நல்லா இல்ல." இதனால் கிளப்பில் எனக்கு 'முள்ளு' என்று பெயர். கிளப்பில் நாலு மேஜை, இரண்டு ஸ்நூக்கர், இரண்டு பூல். நாலுக்கும் பொதுவாக மூலையில் ஒரு பலகைத் தடுப்பு, அதற்குள் நானும் என் லேத்தும்.

ஊருக்கெல்லாம் இப்படி உண்மை பேசுகிறவன், என் மச்சானிடம் மட்டும் ஒரு வருஷம் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார், சொந்த வண்டி. காலையில் பதினோரு பிள்ளைகள், பன்னிரண்டாவதாக என் மகள். அவள் முன் சீட்டில் மாமாவுக்குப் பக்கத்தில் உட்காருவாள், அதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை. மாலை மூன்றரைக்கு மறுபடியும் பள்ளிக்கூட வாசலில் வேன் நிற்க வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் மச்சான் கிளப்புக்கு வந்து ஸ்நூக்கர் ஆடுவார். எனக்குப் பெண் கேட்டுப் போனபோது அந்த வீட்டில் எல்லோரும், குச்சி முனையில் தோல் ஒட்டுவதெல்லாம் ஒரு வேலையா என்று முகத்தைச் சுளித்தார்கள். இவர் ஒருவர்தான், "செஞ்சு பாருங்க, அப்பத் தெரியும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் அவருக்கு எதையும் செய்வேன். செய்தும் தொலைத்தேன்.

போன வருஷம் பள்ளிக்கூடம் திறந்த வாரம் அவர் கியூவை என் மேஜைமேல் வைத்தார்.

"மாப்ள, பந்து சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

நான் டிப்பை விளக்கில் காட்டிப் பார்த்தேன். வலது பக்கம் நான் ஒட்டிக் கொடுத்தபோது இருந்த உருண்டை அப்படியே இருந்தது. இடது பக்கம் தேய்ந்து சப்பையாகிக் கிடந்தது.

ஸ்நூக்கர் கியூவின் அடிப்பாகத்தில் ஒரு பக்கத்தை இழைத்துத் தட்டையாக்கியிருப்பார்கள். ஆடுகிறவன் அந்தத் தட்டையைத் தடவிப் பார்த்து ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான் பிடிப்பான். அதனால் டிப் பந்துக்கு எப்போதும் ஒரே முகத்தைத்தான் காட்டும். டிப்பின் இடப்பக்கம் தேய்ந்திருக்கிறதென்றால், அவன் பந்தை நடுவில் அடிக்கவில்லை, வலப்பக்கம் தள்ளி அடித்திருக்கிறான். இது அரிச்சுவடி. வேறு யாராவது கொண்டுவந்திருந்தால், கோடு தெரியாமல் அடிக்கிறீர்களே என்று வறுத்தெடுத்திருப்பேன். ஆனால் இவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஆடுகிறவர். இவராவது, தள்ளி அடிப்பதாவது!

"தோல் சரியில்ல மச்சான். ஒரு பக்கம் மெத்துன்னு இருக்கு. வேற போட்டுத் தர்றேன்" என்றேன்.

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதைப் பார்த்து நான் மகிழ்ந்துபோனேன்.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் வந்தார், அதே இடப்பக்கம் சப்பை. போன தடவை போட்டது மிருதுவான டிப், பந்தை நன்றாகக் கவ்வும், ஆனால் சீக்கிரம் உரு மாறிவிடும். இந்தத் தடவை ஏழு அடுக்குத் தோலை அழுத்திச் செய்த கெட்டி டிப் போட்டேன். அதுவும் இடப்பக்கம் தேய்ந்து வந்தது. பசை சரியாகக் காயவில்லை, டிப் நகர்ந்துவிட்டது என்றேன். எனக்கே அது நம்பும்படியாகத்தான் இருந்தது. ஒரு தொழிலில் இருபது வருஷம் இருந்தால் எதற்கும் ஒரு காரணம் கையில் இருக்கும்.

அந்த மூன்றாவது முறை வந்தபோது அவர் ஆள் வாடிப்போயிருந்தார். சின்னப் பையன்களிடமெல்லாம் தோற்றுக்கொண்டிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை.

"மச்சான், இந்தக் கியூவைக் கொஞ்ச நாள் ஓரமா வைங்க. பூல் ஆடுங்க."

"அது குழந்தைங்க ஆட்டம் மாப்ள."

"நீங்க ஆடுங்க, அப்பத் தெரியும்" என்று அவர் வார்த்தையை அவருக்கே திருப்பிக் கொடுத்தேன். சிரித்தார்.

அவருக்காக நான் ஒரு வாரம் செலவழித்துக் கியூ தேர்ந்தெடுத்தேன். ஸ்நூக்கர் டிப் ஒன்பதரை மில்லிமீட்டர்தான். பூல் டிப் பதின்மூன்று. பந்தும் பெரிது, பையின் வாயும் அகலம், மேஜை சின்னது. கொஞ்சம் விலகி அடித்தாலும் மன்னித்துவிடும் ஆட்டம். கனமான மேப்பிள் கியூ, நடுத்தர டிப். முக்கோணமாக அடுக்கிய பந்துகளை உடைக்கிற முதல் அடிக்குத் தனியாக இன்னொன்று, கல் மாதிரி கெட்டி டிப்போடு. இரண்டையும் அவர் கையில் கொடுத்தபோது எனக்கு இருந்த தலைக்கனத்தை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஏனென்றால் பூல் கியூவில் தட்டைப் பக்கம் கிடையாது. சுற்றிலும் உருண்டை. ஒவ்வொரு முறையும் கையில் வேறு மாதிரி உட்காரும். அவர் எங்கே தள்ளி அடித்தாலும் தேய்மானம் டிப்பைச் சுற்றிப் பரவிவிடும். ஒரு மாதம் கழித்து நான் பார்த்தேன், ஒரே சீராகத் தேய்ந்திருந்தது. "பாத்தீங்களா? கோளாறு அந்தக் கியூவுலதான் இருந்திருக்கு" என்று கிளப்பே கேட்கும்படி சொன்னேன். அவர் மறுபடியும் ஜெயிக்க ஆரம்பித்தார். மாப்பிள்ளை கை பட்டால் விறகும் கியூவாகும் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இதற்கு நடுவில் வேனின் இடது கதவில் நீளமாக ஒரு கீறல் விழுந்திருந்தது. நிறுத்தியிருந்தபோது எவனோ உரசிவிட்டான் என்றார். ஒருநாள் சாப்பிடும்போது என் மகள் சொன்னாள்: "அப்பா, மாமா திரும்புறதுக்கு முன்னாடி 'இந்தப் பக்கம் யாராச்சும் வர்றாங்களாம்மா'ன்னு என்னைக் கேப்பாங்க. நான் சொன்னாத்தான் திருப்புவாங்க." என் மனைவி, "எங்கண்ணன் எவ்வளவு நிதானம் பாருங்க, நீங்களும் பைக்க ஓட்டுறீங்களே" என்றாள். நானும் சிரித்துக்கொண்டே இன்னொரு கை சோறு போட்டுக்கொண்டேன்.

போன மாதம் கிளப்பின் ஸ்நூக்கர் அணியில் ஓர் ஆள் குறைந்தது. மச்சானைக் கூப்பிட்டார்கள். பழைய கியூவுக்கு நான் புது டிப் போட்டுக் கொடுத்தேன். அடுக்குத் தோல் இல்லை, ஒற்றைத் தோலில் வெட்டியது, வேறு கம்பெனி, வேறு பசை. இன்று மதியம் இரண்டரைக்கு அவர் அதை என் மேஜைமேல் வைத்தார்.

"இது நமக்கு ராசியில்லாத கியூ போல மாப்ள."

விளக்கில் காட்டினேன். இடப்பக்கம் சப்பை.

மூன்று விதத் தோல், வேறு வேறு பசை, தேய்ந்தது ஒரே பக்கம். இனிமேல் குறை சொல்ல என் பெட்டியில் எதுவும் மிச்சம் இல்லை. மகள் சாப்பிடும்போது சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது.

"மேஜைக்கு வாங்க மச்சான்."

"என்ன, பரிட்சையா?"

"ஆமா. வெள்ளைப் பந்தை நடுக்கோட்டுல நேரா அடிங்க. எதிர் விளிம்புக் குஷன்ல பட்டு, போன வழியே திரும்பி வந்து உங்க டிப்புல முட்டணும்."

அடித்தார். பந்து திரும்பும்போது ஒரு சாண் வலப்பக்கம் விலகி வந்தது. மறுபடி அடிக்கச் சொன்னேன். மறுபடியும் ஒரு சாண். மூன்றாவது தடவை அவர் சிரிக்கவில்லை.

"இப்ப அடிக்க வேணாம். நடுவுல குறி வச்சு, டிப்பைப் பந்துகிட்ட கொண்டுபோய் அப்படியே நிறுத்துங்க."

நான் எதிர்ப்பக்கம் போய்க் குனிந்து பார்த்தேன். டிப் பந்தின் நடுவை விட்டு அவருக்கு வலப்பக்கமாக அரை விரல் தள்ளி நின்றது.

"நடுவுல இருக்கா?"

"நட்ட நடுவுல இருக்கு."

"அப்படியே வலது கண்ணை மட்டும் மூடுங்க."

மூடினார். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு டிப் தேட ஆரம்பித்தது. இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது, பந்துக்கு மேலே வெறும் காற்றில் நின்றது. அவர் கண்ணைத் திறந்து நிமிர்ந்தார். கியூவை மேஜைமேல் வைத்தார்.

"வெளிச்சம் தெரியுது மாப்ள" என்றார். "பந்து தெரியல."

"எப்ப இருந்து?"

"போன வருஷம் பள்ளிக்கூடம் தொறந்தப்ப ஒரு மாதிரி மங்கலா இருந்துச்சு. கண் டாக்டர்கிட்ட போறதா, உங்ககிட்ட வர்றதான்னு யோசிச்சேன். நீங்கதான் யார்கிட்டயும் பூசி மெழுகிப் பேசமாட்டீங்களே. கண்ணுல கோளாறுன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவீங்கன்னு வந்தேன். நீங்க தோல் சரியில்லன்னீங்க. அப்பாடான்னு போயிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் பசைன்னீங்க. கியூன்னீங்க. ஒவ்வொரு தடவையும் எனக்கு அது போதுமா இருந்துச்சு."

குரலில் குற்றம் சொல்கிற தொனி துளிகூட இல்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், எனக்கு அது பழக்கம்.

"பாப்பாவை விட்டு இடப்பக்கம் பாக்கச் சொல்றீங்களாமே?"

"கரெக்டா சொல்லுவா மாப்ள. ஒரு தடவைகூட தப்பினது இல்ல" என்றார், அவளை மெச்சுகிற குரலில்.

ஓங்கி ஓர் அறை விடலாம் போல இருந்தது. அவர்மேல் எனக்கு இருக்கிற பாசம் முழுக்க அந்தக் கையில்தான் இருந்தது. ஆனால் முதலில் அறை வாங்க வேண்டியவன் நான். அவர் தெரியாதவர் இல்லை, பயந்தவர். நானோ டிப்பில் பார்த்தும் பூசி மெழுகியவன்.

சுவர்க் கடிகாரத்தில் மூன்று அடிக்க ஐந்து நிமிடம். அவர் சாவியை எடுத்தார்.

"எங்க?"

"புள்ளைங்க வாசல்ல நிக்கும் மாப்ள. இன்னிக்கு ஒருநாள். நாளைக்குக் காலையில மொத வேலையா டாக்டர்கிட்ட போறேன். பன்னெண்டு வருஷமா ஓட்டுற ரோடு. கண்ணைக் கட்டி விட்டாலும்..."

நான் கையை நீட்டினேன். அவர் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். விரல் விரலாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. என்னைவிட ஆறு வயது பெரியவர், என் கையை ஒருமுறைகூடத் தட்டிவிடவில்லை.

சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு மனைவிக்குப் போன் போட்டேன். எல்லாப் பெற்றோர் நம்பரும் அவளிடம்தான் இருந்தன. மணி அடித்துக்கொண்டிருக்கும்போது மச்சான் என் கிட்டே வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்:

"வண்டி ரிப்பேர்னு சொல்லுங்க மாப்ள. பிரேக்குன்னு சொல்லுங்க. வேற எதுவும் வேணாம். இந்த வண்டி போச்சுன்னா என்கிட்ட என்ன இருக்கு?"

அந்த வார்த்தை என் வாயில் தயாராக இருந்தது. ஒரு வருஷப் பழக்கம். பிரேக்கில் என்ன கோளாறு, எந்த உதிரிப்பாகம் வர வேண்டும், எத்தனை நாளாகும் என்றுகூட என்னால் நம்பும்படி சொல்ல முடியும்.

"என்னங்க, இந்த நேரத்துல?" என்றாள் மனைவி.

"இன்னிக்கு வேன் வராது. எல்லாருக்கும் போன் பண்ணி அவங்கவங்க புள்ளைங்களைப் போய்க் கூட்டிக்கச் சொல்லு. உடனே பண்ணு."

"ஏன், வண்டி ரிப்பேரா?"

மச்சான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றேன். "உங்கண்ணனுக்கு இடது கண்ணு தெரியல."

மச்சான் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, மேஜையின் பச்சைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா?" என்றாள் மனைவி போனில்.

"ஒரு வருஷமா."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

இப்பொழுதுதான் என்று சொல்லியிருக்கலாம். அதில் பாதி உண்மைகூட இருந்தது.

"மொத நாளே டிப்புல தெரிஞ்சுது" என்றேன்.

"நம்ம பொண்ணு அந்த வண்டியிலதாங்க போறா" என்றாள், எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்வதுபோல.