தொடர்பில் இல்லாதவள்

டாக்டர் சித்தார்த்துக்கு நோயாளிகளைப் பிடிக்காது. அவர்களைப் பற்றிய எண்களைத்தான் பிடிக்கும். புத்தூரில் அவர் இருந்த தனியார் மருத்துவமனையில் இரண்டு வருடம் அவருடைய ஆராய்ச்சிக்கு நர்ஸாக வேலை பார்த்தவள் நான். எந்தக் கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் என்று முன்கூட்டியே சொல்லும் கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்றை அவர் உருவாக்கியிருந்தார். எடை, பிரஷர், சிறுநீர், ரத்தம் என்று எல்லா அளவுகளையும் நான் பதிவேன். திரையில் பச்சையோ மஞ்சளோ சிவப்போ தெரியும். அதைப் பார்த்துவிட்டு, எதிரே இருப்பவளின் முகத்தைப் பார்க்காமலே அனுப்பிவிடுவார். முகத்தில் என்ன டேட்டா இருக்கிறது என்று ஒருமுறை என்னிடம் கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார்.

இளவேனில் பொன்மலையிலிருந்து வருவாள். கணவன் ரஞ்சித் ரயில்வே பணிமனையில் வெல்டர். அவளுக்கு அது முதல் பிரசவம். எட்டாம் மாதத்தில் ஒருநாள் வந்தவள், மூன்று நாளாகத் தலைவலி விடவில்லை, கண் முன்னால் பூச்சி பறக்கிறது என்றாள். விரல் வீங்கி மோதிரம் கழலவில்லை. பிரஷர் கொஞ்சம்தான் கூடியிருந்தது. திரை பச்சை காட்டியது. ஒருநாள் அட்மிட் செய்து பார்க்கலாமே என்று உள்ளே போய்ச் சொன்னேன்.

அவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பச்சைன்னுதானே வந்திருக்கு சிஸ்டர்? நீங்க சொல்றதைக் கேக்கறதுக்கா நான் இவ்வளவு படிச்சேன்?"

தலைவலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். நானும் அதைக் கொடுத்து அவளை அனுப்பிவைத்தேன். அவரைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான்காம் நாள் காலையில் சாதம் வடித்துக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்து விழுந்தாள். பக்கத்து வீட்டு சாரா பீவி ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். பதினோரு நாள் தீவிர சிகிச்சைக்குப் பிறகு இளவேனில் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

ஆராய்ச்சியில் சேர்ந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் பிரசவத் தேதி கடந்ததும் போன் செய்து, என்ன ஆனது என்று எழுதுவது என் வேலை. இளவேனிலே போனை எடுத்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அதை எழுதி, தாளை டாக்டரிடம் கொடுத்தேன். பிரசவம் நம்மிடம் நடக்கவில்லையே, அதனால் 'தொடர்பில் இல்லை' என்று போடுங்கள் என்று வாட்ஸப்பில் பதில் அனுப்பினார். அப்படிப் போட்டால் அவள் கணக்கிலேயே வரமாட்டாள். நானும் அப்படியே போட்டேன்.

பழைய தாள்களைப் புரட்டினேன். அவர் சொல்லி நான் அப்படிப் போட்டவர்கள் முப்பத்தெட்டுப் பேர். அதில் இளவேனிலையும் சேர்த்து ஒன்பது பேருக்குத் திரை பச்சை காட்டி, வேறெங்கோ வலிப்பு வந்திருந்தது.

ஆபத்து வந்த இருபத்தைந்து பேரில் இருபத்து நான்கு பேரை முன்பே கண்டுபிடித்ததாக அவருடைய கட்டுரை வெளிநாட்டு இதழில் வந்தது. குப்பையைப் பாய்க்கு அடியில் தள்ளிவிட்டு வீடு சுத்தம் என்பவனுக்கு இருக்கும் அதே திறமை. மன்னார்புரத்தில் ஒரு ஹோட்டலில் பாராட்டு விழா நடந்தது. சால்வையைப் போர்த்திக்கொண்டு, ஒரு தாயைக்கூட இழக்கக் கூடாது என்பதுதான் தன் கனவு என்றார். சரியான இடத்தில் தொண்டை அடைத்தது. அரங்கு நிறைய டாக்டர்கள். விடுபட்டவர்கள் எத்தனை பேர் என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்து ஹாலில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி இளவேனில் வீட்டுக்குப் போனேன். பச்சை காட்டியதையும், நான் அனுப்பிவைத்ததையும், அவள் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சொன்னேன். ரஞ்சித் சட்டையை மாட்டிக்கொண்டு டாக்டரைக் கேட்கக் கிளம்பினான். அவள் அவனை உட்காரச் சொன்னாள்.

"நீங்க போன் பண்ணீங்க, நான் எடுத்தேன். அரை மணி நேரம் பேசினோம். அப்புறம் எப்படிக்கா நான் தொடர்புல இல்லைன்னு எழுதச் சொன்னாரு?"

எங்கே புகார் கொடுக்க வேண்டும் என்று கேட்டாள்.

அவள் புகாரை விசாரித்த மருத்துவமனை நெறிமுறைக் குழுவுக்குத் தலைவர் தாஜுதீன், ஓய்வுபெற்ற பேராசிரியர். சித்தார்த் அவர் முன்னால் உட்கார்ந்து, எல்லாம் நர்ஸ் செய்த பதிவுப் பிழை என்றார். தாள்களையும் வாட்ஸப் செய்திகளையும் மேஜையில் வைத்தேன். பிழையை நான் செய்தது உண்மைதான், அவர் சொல்லச் சொல்லச் செய்தேன் என்றேன். அப்போது இளவேனிலை உள்ளே அழைத்தார்கள். யார் இவர் என்று சித்தார்த் பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகக் கேட்டது அவள் காதிலும் விழுந்தது.

"ஏழு தடவை உங்க எதிர்ல உக்காந்திருக்கேன் சார்," என்றாள்.

தாஜுதீன் பேனாவை மூடி வைத்தார். எல்லாரையும் மறுபடி எண்ணச் சொன்னார். முப்பத்து நான்கு பேரில் பத்துப் பேரைக் கோட்டை விட்டிருந்தது அந்த புரோகிராம். ஆராய்ச்சி நின்றது, இதழும் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. சித்தார்த்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது சென்னையில் வேறு மருத்துவமனையில் இருக்கிறார். தாய்மையும் தொழில்நுட்பமும் என்று மேடை மேடையாகப் பேசுகிறார். அந்த மேடைகளுக்கு அவர் பொருத்தமானவர்தான். நான் வேலையை விட்டு, ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்தேன்.

திருத்திய பட்டியலில் தன் வரியின் நகலை இளவேனில் குழுவிடம் கேட்டு வாங்கினாள். தாய்க்கு வலிப்பு, சிசு மரணம் என்று இருந்தது. விரலை வைத்து இரண்டு முறை படித்தாள். பெண் குழந்தை என்று ஏன் போடவில்லை என்று கேட்டாள். அதற்குக் கட்டமே கிடையாது என்றேன்.

என் பேனாவை வாங்கி, ஓரத்தில் தானே எழுதிக்கொண்டாள்.