திங்கட்கிழமை எங்கே போனீர்கள்

அந்த அறையின் ஜன்னல்கள் திறக்காது. ஆக்லாந்தில், நியூ லின் ஸ்டேஷனுக்கு எதிரே மூன்றாம் மாடி. கீழே பஸ்கள் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போவது தெரியும், சத்தம் மட்டும் வராது. மூன்று கிழமையாகக் கஜானி அதற்குள் அடைபட்டிருந்து, பிறத்தியாருக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவிப்பணத்தை எப்போது பாதியாக வெட்டலாம், எப்போது வெட்டக்கூடாது என்று படித்துக்கொண்டிருந்தாள். படிக்க எவ்வளவோ நல்ல படிப்புகள் உலகத்தில் இருக்கின்றன. ஆனால் இரண்டு வருடமாக வேலை தேடி அலைந்தவளுக்குக் கிடைத்தது இதுதான்.

அரசாங்கத்திடம் ஒப்பந்தம் எடுத்து, வேலையில்லாதவர்களை வேலையில் சேர்த்துவிடுகிற நிறுவனம் அது. ஓர் இடத்தைப் பார்த்துக் கொடுத்து, இன்ன நாள் வா என்பார்கள். வராவிட்டால் போன் எடுத்து ஏன் என்று கேட்க வேண்டும். தகுந்த காரணம் சொன்னால் விட்டுவிடலாம். சொல்லாவிட்டால், பிள்ளைகுட்டிக்காரனாக இருந்தாலும் பாதி வெட்டு. வாடகைக்கு என்ன செய்வான் என்பது பாடத்திட்டத்தில் இல்லை.

பாடம் எடுத்தவள் ஷாரோன், ஈப்போவில் பிறந்த தமிழ்ப் பெண். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். கெட்டவள் இல்லை. ஆனால் விதியைச் சொல்லும்போது அவள் குரல் லிஃப்டுக்குள் மாடி எண் சொல்லும் குரலாகிவிடும்.

"காரணத்தை நீங்க எடுத்துக் கொடுக்கக் கூடாது. அவங்க வாயால வரணும். தெரிஞ்ச ஆளா இருந்தா உடனே என்கிட்ட சொல்லிடணும், ஃபைல் வேற டெஸ்குக்குப் போயிடும். சொல்லாம மறைச்சா வேலை போயிடும் லா. அதுல ரெண்டாவது பேச்சே இல்ல."

கஜானிக்கு அப்போதே சிரிப்பு வந்தது. ஆக்லாந்தில் தமிழர்களுக்குள் தெரியாத ஆள் எவர்? ஒரு கோவில் திருவிழா, இரண்டு பிறந்தநாள் போதும், முழுச் சனமும் தெரிந்துவிடும்.

கடைசி நாள் பரீட்சை. பயிற்சிக்கு வந்தவர் ஒவ்வொருவரும் உண்மையான ஆள் ஒருவருக்கு உண்மையான போன் எடுக்க வேண்டும். ஷாரோன் பக்கத்திலிருந்து இன்னொரு ஹெட்செட்டில் கேட்பாள். சரியாகச் செய்தால் திங்கள் முதல் வேலை நிரந்தரம்.

இந்த வேலை விஷயம் கஜானியின் கணவனைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. பக்குரங்காவில் ஒரே வீட்டில் இருக்கும் மச்சாள் உஷாவுக்குக்கூடக் கம்ப்யூட்டர் கோர்ஸ் என்றுதான் சொல்லியிருந்தாள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. கை கூடுமுன் வாய் திறந்து, கூடாமல் போன காரியங்கள் எத்தனை! உறுதியானபின் கேசரி கிண்டிக்கொண்டுபோய்ச் சொல்லலாம் என்று இருந்தாள்.

திரையில் வந்த பெயர் மிஸ்டர் இராசரத்தினம். இரண்டு பிள்ளைகள். திங்கட்கிழமை ஒரு பண்டகசாலைக்கு வரச் சொல்லியும் வரவில்லை. யாரோ வயதானவர் என்று நினைத்துக்கொண்டு கஜானி போனை எடுத்தாள், ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னாள், தன் பெயரையும் சொன்னாள்.

மறுபக்கம் அந்தப் பெயரை ஒருதரம் தனக்குள் சொல்லிப் பார்த்தது.

"சொல்லுங்கோ தங்கச்சி," என்றது குரல், தமிழில்.

அந்தக் குரலைத் தெரியாதவர் இந்த ஊரில் உண்டா? திருவிழாவுக்குத் திருவிழா கோவில் மைக்கில், 'சில்வர் நிறக் கொரோலாவின் உரிமையாளர் உடனடியாக வந்து வாகனத்தை எடுக்கவும்' என்று அதட்டுகிற குரல். கேதீஸ் அண்ணை. கேதீஸ்வரன் என்று எல்லோருக்கும் தெரியும். அவருடைய தகப்பன் பெயர் இராசரத்தினம் என்பது யாருக்குத் தெரியும்? இந்த நாட்டுக் கடுதாசியில் தகப்பன் பெயர்தானே முன்னுக்கு வந்து நிற்கும்.

அதோடு இன்னொன்றும் அவளுக்கு நினைவு வந்தது. திங்கட்கிழமை காலை பஸ்ஸால் இறங்கி வரும்போது, ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் மரக்கறி மொத்தக்கடையின் பின்வாசலில் அவரைக் கண்டிருந்தாள். நெற்றி நிறைய விபூதி, மேலே பளிச்சென்ற மஞ்சள் பாதுகாப்புச் சட்டை. வெங்காய மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர், அவளைக் கண்டதும் மூட்டைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். ஆள் ஆறடி, மூட்டை மூன்றடி. அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. வேலைக்கு எடுக்கமுன் ஒரு நாள் செய்வித்துப் பார்க்கிறார்கள். சரிவந்தால்தான் மனுஷன் வெளியே சொல்லுவார். காரியமாகப் போகிறவரை எங்கே என்று கேட்பது முறையில்லை. அவளும் காணாதவள்போல் நடந்துவிட்டாள்.

இன்னொரு இடத்தில் வேலை பழகப் போயிருந்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைவிடத் தகுந்த காரணம் விதிப் புத்தகத்திலேயே இல்லை.

இப்போது ஹெட்செட்டைக் கழற்றி, தெரிந்த ஆள் என்று ஷாரோனிடம் சொல்ல வேண்டும். அதுதான் விதி. சொன்னால் ஃபைல் மற்ற டெஸ்குக்குப் போகும். அங்கே திரும்பப் போன் எடுக்க ஒருவருக்கும் நேரமில்லை. காரணம் பதியப்படவில்லை என்று பார்த்ததும் வெட்டிவிடுவார்கள். நான் கேட்டால் சொல்லுவார், நம்மட ஆள்தானே என்று கஜானி நினைத்தாள். அங்கேதான் அவள் பிழைவிட்டாள்.

"திங்கட்கிழமை பண்டகசாலைக்கு நீங்கள் போகேல்லை. என்ன காரணம் எண்டு சொல்லுவீங்களோ?"

"மறந்துபோனன் தங்கச்சி."

"வேற ஏதும் அலுவல் இருந்ததோ?"

"ஒண்டும் இல்லை. மறதிதான்."

ஷாரோன் தன் குறிப்பில் ஏதோ எழுதினாள். சொல்லுங்கோ அண்ணை, வாயைத் திறந்து சொல்லுங்கோ என்று கஜானியின் மனம் அடித்துக்கொண்டது. பொறுக்க முடியாமல், கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

"அண்டைக்கு நீங்கள் வேற எங்கையாவது போனனீங்களோ?"

ஷாரோன் விரலை உயர்த்தினாள், எச்சரிக்கை. மறுபக்கத்தில் மனுஷன் பதறிவிட்டார். இவள் கண்டுவிட்டாள், இனி ஊருக்கெல்லாம் சொல்லப்போகிறாள் என்ற பயம் குரலிலேயே கேட்டது.

"நானோ? நான் எங்க போறன்? விடியத் துவக்கம் பொழுதுபடும் வரைக்கும் வீட்டிலதான் நிண்டனான். வாசல் தாண்டேல்லை. வேணுமெண்டா எழுதுங்கோ."

எழுதத்தான் வேண்டும். 'நாள் முழுவதும் வீட்டில் இருந்ததாகக் கூறுகிறார்' என்று கஜானி தட்டினாள். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது. திரையில் இரண்டே பெட்டிகள் இருந்தன, காரணம் உண்டு, காரணம் இல்லை. இரண்டாவதை அமத்தினாள்.

"ஒரே ஒரு கேள்விதான் கொஞ்சம் அதிகம்," என்றாள் ஷாரோன். "மத்தபடி நல்லா பண்ணீங்க. நம்ம ஆளுன்னு இளகிடுவீங்களோன்னு பயந்தேன். பாஸ். திங்கள்லேர்ந்து தமிழ் ஃபைல் எல்லாம் உங்களுக்குத்தான். அதுக்குத்தான் உங்கள எடுத்ததே. சொந்த மொழியில பேசினா ஜனங்க மனசு திறந்து சொல்லுவாங்க, இல்லையா?"

கஜானி தலையாட்டினாள். வேறு என்ன செய்ய?

மத்தியானம் கஜானி சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் கேதீஸ் அண்ணை வந்து நின்றார். பாதி வெட்டு என்ற செய்தி அவருடைய போனுக்குப் போயிருக்கிறது. கவுண்டரில் இருந்த டெப் என்ற வெள்ளைக்காரப் பெண்ணுக்கு முன்னால் உட்கார்ந்து, அவர் தன் உடைந்த ஆங்கிலத்தில் ஒன்றுவிடாமல் சொன்னார். மரக்கறிக் கடை, வெங்காய மூட்டை, ஒரு நாள் பழகப் போனது, சரிவந்தால் அடுத்த மாதம் தொடங்கலாம் என்று அவர்கள் சொன்னது. டெப்பின் அப்பனும் பாட்டனும் யாரென்று அவருக்குத் தெரியாது. அவளுடைய கண்ணூறு அவரை என்ன செய்யும்? மைக் பிடித்த குரல் அல்லவா, தடுப்புக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது.

டெப் நல்லவள். கடைக்குப் போன் எடுத்துப் பார்த்தாள். கடைக்காரன் நழுவினான். சம்பளமில்லாமல் ஒருவரிடம் ஒரு நாள் வேலை வாங்கினேன் என்று எந்த முதலாளி ஒப்புக்கொள்வான்? பிறகு அவள் திரையைப் பார்த்து முகம் சுருக்கினாள். வீட்டை விட்டு வெளியே போகவில்லை என்று காலையில் நீங்களே சொல்லியிருக்கிறீர்களே என்றாள். இரண்டு கதையில் எதை எழுதுவது? அன்றைக்கு அங்கே உங்களைத் தெரிந்த யாராவது கண்டார்களா? ஒருவர் சொன்னாலும் வெட்டை நீக்கிவிடலாம்.

கேதீஸ் அண்ணை திரும்பினார். தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்த கஜானியை நேராகப் பார்த்தார். அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையையும் பார்த்தார். அது இன்னும் பயிற்சிக்காரருக்கான மஞ்சள் நிறம். அவளுக்கும் வேலை இன்னும் உறுதியாகவில்லை, இப்போது காட்டிக்கொடுத்தால் அது போய்விடும் என்று அவருக்கு விளங்கிவிட்டது.

"நோ," என்றார் டெப்பிடம். "நோபடி சோ மீ." ஒருவரும் காணவில்லையாம்.

காலையில் தனக்காகப் பொய் சொன்ன மனுஷன், இப்போது கஜானிக்காகச் சொல்கிறார். அந்தப் பொய்க்கு விலை அவருடைய பிள்ளைகளின் சாப்பாடு. வாயைத் திறந்தால் இவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். திறக்காவிட்டால் திங்கள் முதல் இதே கதிரையில் இருந்து, இதே கேள்வியைத் தமிழில் கேட்டு, எந்தத் தமிழரும் உண்மை சொல்லாமல் தருகிற பதில்களைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். பெரிய சம்பளம்! வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது.

எழுந்து ஷாரோனின் மேசைக்குப் போனாள்.

"எனக்கு அவரைத் தெரியும். திங்கட்கிழமை அந்தக் கடையில கண்டனான். போனில குரல் கேட்ட உடனேயே தெரியும்."

ஷாரோன் டெப்பின் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தாள். மாடி எண் சொல்லும் குரல் வரவில்லை.

"எனக்குக் காது சரியா கேக்கல," என்றாள் மெதுவாக. "போய் சாப்பிடுங்க கஜானி. திரும்ப ஒரு தடவ சொன்னீங்கன்னா நான் எழுதித்தான் ஆகணும்."

கஜானி திரும்ப ஒரு தடவை சொன்னாள். டெப்புக்கும் கேட்கட்டும் என்று ஆங்கிலத்திலும் சொன்னாள்.

வெட்டு நீங்கியது. கேதீஸ் அண்ணைக்குச் சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை. கஜானி அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியோடு லிஃப்டுக்கு வந்தபோது அவர் அங்கே காத்து நின்றார்.

"ஏன் பிள்ளை இப்பிடிச் செய்தனீங்கள்? அதுவும் என்னாலையெல்லே!"

"நீங்கள் காலமையே என்னட்டச் சொல்லியிருக்கலாம் அண்ணை."

"உங்களிட்ட எப்பிடிச் சொல்லுறது?" என்றார் அவர், உண்மையான ஆச்சரியத்தோடு. "நீங்கள் எங்கட ஆளல்லோ."

பஸ்ஸில் ஏறி இருந்ததும் போன் அடித்தது. உஷா மச்சாள்.

"பஸ் சத்தம் கேக்குது, கோர்ஸ் முடிஞ்சுதோ? இண்டைக்கு என்ன வெள்ளனவா?"

"ஓம் மச்சாள், முடிஞ்சுது," என்றாள் கஜானி.

நல்ல காலம், கணவனைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இப்போது எல்லோரும் கேட்பார்கள், எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டும். சொல்லாததால் கேட்க ஒருவருமில்லை. அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவருக்குக் கேட்காதபடி அழுதாள்.